கண்ணெடுக்காத அக்கா

அக்கா நம்மைப் பார்க்க ஆரம்பித்தால் நாம்தான் முதலில் பார்வையைத் திருப்ப வேண்டியிருக்கும். அதில் கோபமோ சந்தேகமோ இருக்காது. ஒன்றின் மேல் கண் பட்டுவிட்டால் அதை எடுக்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக மேட்டின் மேல் ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்லாவில் வேலை, எனக்குத் தேநீர் ஊற்றுகிற வேலை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் அடுத்தடுத்த வீடுதான். ஒருநாள் கூட்ட நேரத்தில் ஓர் ஆள் தேயிலை டின் ஒன்றை எடுத்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டதை நான் பார்த்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்க, அந்த ஆள் கல்லாப் பக்கம் திரும்பினான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி அக்காவைப் பார்த்து, டின்னை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனான்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"எந்த டின்னு?" என்றார் அக்கா. "நான் அவரு காதப் பாத்துக்கிட்டு இருந்தேன்லா. பின்னால ஜன்னல் வெளிச்சம், காது ரெண்டும் செவப்பாத் தெரிஞ்சிச்சு. என்னா அழகு."

அவரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. வேலைக்கு வரும் முன்பு விடியற்காலையிலேயே அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மூடுபனி நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அது கலைந்து தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அக்கா கேமராவில் கண்ணை வைத்தபடி நின்றால் கூப்பிட்டாலும் காதில் விழாது. தோளைத் தொட்டால்கூட, "இரு, இரு. கண்ண எடுத்தா போயிடும்" என்பார். அதுதான் அவர் அடிக்கடி சொல்வது. அடுப்பில் வைத்த பாலுக்கும் அதையே சொல்வார்.

அவருக்குப் பயம் கிடையாது. அதனால் அவரைச் சுற்றியிருந்த எங்களுக்கு எப்போதும் பயம். ஒருநாள் பனி மூட்டத்தில் தோட்டத்துச் சாலையின் வளைவிலேயே, நடுரோட்டில் கேமராவோடு நின்றிருக்கிறார். கொழுந்து ஏற்றிக்கொண்டு வந்த லோரி கடைசி நொடியில் பிரேக் பிடித்து, பக்கத்துக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. டிரைவர் இறங்கிவந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னது, "கொஞ்சம் லேட்டா வந்திருக்கக் கூடாதாண்ணே? இப்பத்தான் வெளிச்சம் எறங்குச்சு."

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகிற லோரி ஓட்டினார். வழியில் எங்கே நிறுத்தினாலும் முதலில் வீட்டுக்குத்தான் போன் வரும். "உள்ளதானே இருக்கே?" என்பார். சரிவில் இருக்கிறேன், பாறை மேல் இருக்கிறேன் என்று அக்கா உண்மையைச் சொல்லிவிடுவார். சற்று நேரத்தில் மாமா எனக்குப் போன் செய்வார். "கொஞ்சம் எட்டிப் பாரும்மா. மழை வேற வருது. மண்ணு எந்தப் பக்கம் சரியும்னு யாருக்குத் தெரியும்?" நானும் குடையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அக்கா அங்கே நன்றாகத்தான் இருப்பார். நான்தான் மூச்சு வாங்கி நிற்பேன்.

அக்கா எடுத்த பனிப் படங்கள் சிலவற்றைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும், கடல் மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாராட்டுத்தான். ஆனால் அக்காவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் பார்த்த கடல் லூமுட் கடல் மட்டும்தான். அது மேற்குப் பக்கம். அங்கே சூரியன் விழத்தான் செய்யும்.

"கெழக்குப் பக்கம் போவணும்" என்றார் ஒருநாள். "மழைக்காலத்துல. கடல் கொந்தளிக்கும்போது, அதுக்குள்ளேருந்து சூரியன் வர்றத எடுக்கணும்."

மாமா சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கடலா இருக்குற மாசத்துல போனா என்ன?"

"நல்ல கடலத்தான் எல்லாரும் எடுத்துட்டாங்களே."

மாமா ஒரு வருடம் தள்ளிப்போட்டார். அடுத்த வருடக் கடைசியில், அக்கா தனியாகப் பஸ் ஏறிவிடுவார் என்ற பயத்தில், அவரே காரை எடுத்தார். என்னையும் கூப்பிட்டார். "நீ வந்தாத்தான் எனக்கு நிம்மதி. நான் ரோட்டப் பாக்கணும், நீ அவளப் பாத்துக்க."

குவாந்தானுக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில் அறை எடுத்தோம். நாங்கள் போய்ச் சேரும்போதே மழை. ஆற்று முகத்துவாரத்தில் படகுகளை எல்லாம் உள்ளே இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடல் இரைகிற சத்தத்தில் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. மலையில் பிறந்து வளர்ந்த காதுக்கு அது பெரிய லோரி ஒன்று வந்துகொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. மாமாவும் புரண்டுகொண்டேயிருந்தார். அக்கா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

விடியும் முன்பே கரைக்குப் போய்விட்டோம். மழை சற்று விட்டிருந்தது. கரையோரம் சவுக்கு மரங்கள் வரிசையாக நின்றன. மாமா முன்னால் போய்க் கடைசி மரத்தில் கையை வைத்தார்.

"இதத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

அக்கா அதற்கு ஒப்புக்கொண்டார். அங்கேயே கேமராவின் முக்காலியை ஊன்றி, எட்டத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் நீளமான லென்சை மாட்டினார். கேமராவுக்கு மேலே நான் குடை பிடித்தேன். மாமா காருக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

கடல் சேற்று நிறத்தில் இருந்தது. அலைகள் கரைக்கு வரும் முன்பே ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. முகத்துவாரத்தின் ஓரமாக, அலையைத் தடுக்கப் பெரிய பெரிய கற்களைப் போட்டுக் கடலுக்குள் நீளமாக ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். அதன் முனையில் இரண்டு பேர் தூண்டிலோடு நின்றிருந்தார்கள்.

"இந்த நேரத்துல அங்க என்ன வேல இவங்களுக்கு?" என்றேன்.

"நிக்கட்டும். ஆளு இருந்தாத்தான் அலை எவ்வளவு ஒசரம்னு தெரியும்" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல்.

மேகத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. அதில் ஆரஞ்சு நிறம் கசிந்தது. அக்காவின் மூச்சு மாறியது எனக்குத் தெரிந்தது. நான் கடலைப் பார்க்கவே இல்லை. மாமா சொன்னபடி அக்காவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தைத் தாண்டுகிறதா என்று. கேமரா ஒரு தடவை 'டிக்' என்றது. அடுத்த 'டிக்' வரவில்லை.

"விழுந்துட்டாங்க" என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன். கற்சுவரின் முனையில் வெள்ளை நுரை வடிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

"ஓடு. ஜெட்டில ஆளுங்க இருப்பாங்க, கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நான் ஓடினேன். மாமா எனக்கு முன்னால் ஓடினார். படகுத் துறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மீனவர்கள் சிலர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே மலாயில் சொன்னார். உடனே எல்லாரும் எழுந்தார்கள். ஆனால் முகத்துவாரத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றார்கள். "இதுல படகு எறக்குனா நாங்களும் போயிடுவோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் படகின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவரோடு இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.

நான் திரும்ப ஓடி வந்தபோது, விட்டுப்போன இடத்திலேயே அக்கா நின்றிருந்தார். குடை எங்கேயோ பறந்துவிட்டிருந்தது. மழையில் நனைந்தபடி, ஒரு கண் கேமராவில், ஒரு கை கடலை நோக்கி நீட்டியபடி. கரையில் நின்ற மீனவர் ஒருவர் படகில் இருப்பவர்களோடு போனில் பேசினார். அலைக்கு நடுவில் அவர்களுக்குத் தண்ணீர்ச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்கா சொல்லச் சொல்ல அவர் போனில் சொன்னார். "கிரி. இன்னும் கிரி. நேரா. இப்ப மறைஞ்சிருச்சு, இருங்க. அதோ, வந்திருச்சு. கானான், கொஞ்சமா கானான்." இடம், வலம் என்பதை மட்டும் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் தமிழில் வந்தது. அந்த மீனவர் அதையும் எப்படியோ புரிந்துகொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்காவின் நீட்டிய கை தாழத் தொடங்கியது. மாமா வந்து அதற்குக் கீழே தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டார். மரத்தைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படகில் ஒருவரைத் தூக்கிப் போட்டது தெரிந்தது. போனில் பேசியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கான்" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "இன்னொருத்தன் எங்கே?" என்று கேட்டார்.

அக்கா அப்போதுதான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"தெரியல" என்றார்.

தீயணைப்புத் துறையின் பொம்பா வண்டி வந்தது. பெரிய படகோடு ஆட்கள் வந்து பகல் முழுக்கத் தேடினார்கள். மறுநாள் தெற்கே வேறொரு கரையில் மற்றவனின் உடல் கிடைத்தது. இருவரும் அக்காள் தங்கை பிள்ளைகள். பிழைத்தவன் இளையவன்.

திரும்பி வரும் வழியில், தாப்பா தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது மாமா மெல்ல ஆரம்பித்தார். "நீ மட்டும் அங்க இல்லாட்டி ரெண்டும் போயிருக்கும். அத நெனச்சுப் பாரு."

"ரெண்டு தலை தெரிஞ்சிச்சு" என்றார் அக்கா. "மொதல்ல பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. அப்புறம் அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். லென்சுக்குள்ள ஒண்ணுதான் நின்னுச்சு."

ரிங்லெட் அணைக்கட்டு ஏரி வந்தது. மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினார்.

"சின்னவன் கையத் தூக்குனான்" என்றார் அக்கா. "அதான் அவனப் பாத்தேன். பெரியவன் தூக்கல."

அதற்குப் பிறகு அவர் மேட்டுக்குப் போகவில்லை. கேமராவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். வேலைக்கு ஒழுங்காக வந்தார். ஆனால் அந்தப் பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரைப் பார்ப்பார், உடனே அவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பார், பிறகு வாசலை, பிறகு ஜன்னலை. எதன் மேலும் கண் நிற்காது. மீதிக் காசை யாரிடம் கொடுப்பது என்று குழம்புவார். குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தால் ஒவ்வொரு பிள்ளையாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை செய்வார். மாமா இப்போதும் எனக்குப் போன் செய்தார். "மேட்டுக்குப் போனாளா?" என்று கேட்பார். இல்லை மாமா என்றால், பெருமூச்சு விடுவார். போயிருக்கக் கூடாதா என்கிற மாதிரி இருக்கும் அந்தப் பெருமூச்சு.

மழைக்காலம் முடிந்து வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகு, வேலை நாள் ஒன்றில், கூட்டமில்லாத நேரத்தில், ஒரு மலாய் அம்மாவும் ஓர் இளைஞனும் கடைக்குள் வந்தார்கள். அம்மா மலை ஏறி வந்த களைப்பில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இளைஞன் நேரே கல்லாவுக்குப் போய் அக்காவின் முன்னால் தலையைக் குனிந்தான். நான் அவன் முகத்தைக் கரையில் பார்த்திருக்கிறேன், போர்வைக்குள் நீலம் பாரித்துப் போயிருந்தது. இப்போது சதை போட்டிருந்தான்.

"இது என் பெரியம்மா" என்றான். "உங்களப் பாக்கணும்னு சொன்னாங்க."

இறந்துபோனவனின் அம்மா என்று எனக்குப் புரிந்தது. ஜன்னல் ஓரத்து மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் மலாயில்தான் பேசினார்கள். அந்த அம்மாவை அக்கா அத்தை முறையில் மக்சிக் என்று கூப்பிட்டார்.

"என் பிள்ளையக் கடைசியாப் பாத்தது நீதான்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மா.

எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று என் மனது அடித்துக்கொண்டது. ஒரேயடியாய் மூழ்கிவிட்டான், பார்க்கவே முடியவில்லை என்று சொன்னால் அந்த அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

"ரெண்டு பேரையும் பாத்தேன் மக்சிக்" என்றார் அக்கா. "ஒருத்தரத்தான் தொடர்ந்து பாக்க முடிஞ்சிச்சு. நான் இவரப் பாத்தேன்."

இளைஞன் தேநீர்க் கோப்பையைவிட்டுக் கண்ணை நிமிர்த்தவில்லை. அந்த அம்மா தலையில் கட்டியிருந்த தூடோங்கின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"அவன் கூப்பிட்டானா?"

"கடல் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"எந்தப் பக்கம் திரும்பியிருந்தான்?"

"கரைப் பக்கம். அது நல்லாத் தெரிஞ்சிச்சு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். பிறகு, "நீ படம் எடுத்துக்கிட்டிருந்தேன்னு சொன்னாங்க. அவன் அதுல இருக்கானா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்க் கேமராவைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அது ஒரு தடவை மட்டும் 'டிக்' என்றது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை நானோ மாமாவோ பார்த்ததில்லை. அக்காவும் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கேமராவின் சின்னத் திரையில் அது வந்ததும் என்னை அறியாமல் குனிந்து நெருங்கினேன். மேலே கரிய மேகம், கீழே மண் நிறக் கடல், நடுவில் நெருப்புக் கோடு மாதிரி வெளிச்சம். கற்சுவரின் முனையில் விரல் நுனி அளவுக்கு இரண்டு பேர். ஒருவன் மற்றவனின் மழைக்கோட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால், அவர்கள் உயரத்துக்கு இரண்டு மடங்காக, ஓர் அலை எழுந்து நின்றது. அக்கா எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

"தொப்பிய மாட்டிவிடுறானே, இவன்தான்" என்று அந்த அம்மா திரையில் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு சொன்னார், "பின்னால வர்றத ரெண்டு பேரும் பாக்கல."

"நானும் பாக்கல மக்சிக்" என்றார் அக்கா. குரல் சன்னமாக இருந்தது. "படத்துல இவ்வளவு பெருசா நிக்குது. நான் வெளிச்சத்தப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பாத்திருந்தா கத்தியிருப்பேன்."

"கத்தியிருந்தா கேட்டிருக்காது" என்றான் இளைஞன். மேசையில் உட்கார்ந்த பிறகு அவன் பேசியது அது ஒன்றுதான்.

அந்த அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறுதலா, கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எனக்கு இந்தப் படம் வேணும். பேப்பர்ல. ஆனா தண்ணி இல்லாம. என் வீட்டுச் சுவத்துல அந்தத் தண்ணி வேணாம். முடியுமா?"

"முடியும்" என்றார் அக்கா.

அந்த வாரமே அக்காவும் நானும் பஸ் ஏறி தானா ராத்தா போனோம். படம் கழுவிக் கொடுக்கிற கடைக்காரச் சீனர், அக்கா தவுக்கே என்று கூப்பிடுகிற முதலாளி, அவருக்கு ரொம்ப நாள் பழக்கம். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வேலை செய்கிற பையனையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று கையால் காட்டினார். "இங்கேருந்து வெட்டுங்க. இந்தப் பக்கமும் வேணாம். இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க. அவரு கையில படாம." அலை போனது. கடல் போனது. கற்சுவரும் போனது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேரும் ஆரஞ்சு நிற வானம் கொஞ்சமும்தான். எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஏதோ மலை மேல் குளிருக்கு ஒருவன் இன்னொருவனுக்குத் தொப்பி மாட்டிவிடுகிற மாதிரி இருந்தது. அக்கா அதை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், திரும்ப அவரைப் பார்த்தேன். இன்னும் அப்படியேதான் நின்றிருந்தார். பஸ் போய்விடும் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

சீனர் படத்தை உறையில் போட்டுக்கொண்டே கேட்டார். "நல்லா இருந்ததையெல்லாம் வெட்டிட்டியே. கடலோட ஒண்ணு பெருசாப் போட்டுத் தரவா, உனக்கு?"

"வேணாம்லா தவுக்கே" என்றார் அக்கா. "அத நான் பாத்தாச்சு."